லாரல் – ஹார்டி: நூறு படத்துக்கு மேல இருக்கு, ஆனா ஒரே பெட்டியில் ஏன் கிடைக்கவில்லை? எந்த செட்டை வாங்கலாம்?

ஒரு ஒல்லி, ஒரு குண்டு. ரெண்டு பேர் தலையிலும் வட்டத் தொப்பி. ஒல்லி தலையைச் சொறிந்துகொண்டே அழுவார். குண்டு, டையின் நுனியை விரலால் ஆட்டிவிட்டு, 'இவனோட நான் படுற பாட்டைப் பார்த்தீங்களா?' என்பது போல நேராக கேமராவைப் பார்ப்பார். ஸ்டான் லாரல், ஆலிவர் ஹார்டி என்ற பெயர் தெரியாதவர்கள்கூட இந்தக் காட்சியைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். நம்ம ஊர்ல கவுண்டமணி – செந்தில் ஜோடியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒப்பிடுவதற்கு இவர்கள் பெயரைத்தான் இழுப்பார்கள்.

சரி, இவங்க படங்களை ஒழுங்காக, முழுசாகப் பார்க்கணும்னா என்ன செய்வது? மொபைலில் தேடினால் நூற்றுக்கணக்கில் வீடியோக்கள் வரும். ஒன்று மங்கலாக இருக்கும். ஒன்றுக்கு யாரோ கலர் அடித்திருப்பார்கள். இன்னொன்றில் ஹார்டியின் தொப்பி ஃப்ரேமுக்கு வெளியே போயிருக்கும். ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் இரண்டு வேறு நேர அளவில் ஓடும். டிவிடி, ப்ளூ-ரே பக்கம் போனாலும் குழப்பம்தான். 'கம்ப்ளீட் கலெக்‌ஷன்' என்று அட்டையில் போட்டிருப்பார்கள், பிரித்துப் பார்த்தால் பாதிப் படம் இருக்காது.

இதுக்குக் காரணம் கடைக்காரர்களின் ஏமாற்று வேலை மட்டுமில்லை. இந்தப் படங்களின் உரிமை சிதறிப்போன கதையும், ஃபிலிம் தேய்ந்துபோன கதையும் இதுக்குப் பின்னால் இருக்கிறது.

நடித்தது இவர்கள், சொந்தக்காரர் யார்?

ஸ்டான் லாரல் 1890இல் இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் ஊரில் பிறந்தவர். ஆலிவர் ஹார்டி 1892இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹார்லம் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1927இல் ஹால் ரோச் என்ற தயாரிப்பாளரின் ஸ்டுடியோவில்தான் இவர்கள் ஜோடியானார்கள். கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் இருந்த அந்த ஸ்டுடியோவில் 1940 வரை எடுத்த படங்கள்தான் இவர்களின் பொற்காலம். மௌனக் குறும்படங்கள், பேசும் குறும்படங்கள், முழு நீளப் படங்கள், தலைகாட்டிவிட்டுப் போன வேடங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் நூறைத் தாண்டும்.

இதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. சார்லி சாப்ளின், ஹரால்ட் லாய்ட் இருவரும் தங்கள் முக்கியமான படங்களின் உரிமையைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். நெகட்டிவை யாரிடம் கொடுக்கணும், எத்தனை பிரதி போடணும், எப்போது மறுபடி வெளியிடணும் என்பதெல்லாம் அவர்கள் முடிவு. லாரலும் ஹார்டியும் அப்படியில்லை. இருவருமே ரோச்சிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். அதுவும் இருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம். படத்தில் இவர்களுக்குப் பங்கு கிடையாது.

விளைவு? 1950களில் அமெரிக்க டிவி சேனல்கள் இவர்கள் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காசு பார்த்தன. இவர்களுக்கு அதில் எதுவும் வரவில்லை. விளம்பரத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காகப் படத்தைக் கண்டபடி வெட்டுவார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எடிட்டிங் அறையிலேயே உட்கார்ந்து நொடிக் கணக்கில் சிரிப்பை அளந்து வெட்டியவர் லாரல். டிவியில் அதைப் பார்த்து அவர் எவ்வளவு நொந்திருப்பார்! 'நானே சும்மா எடிட் பண்ணித் தரேன்' என்று அவர் கேட்டுப் பார்த்ததாகவும் சொல்லப்படுவதுண்டு. ஹார்டி 1957இல் இறந்தார். லாரலுக்கு 1961இல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது, 1965இல் அவரும் போய்ச் சேர்ந்தார். வீடியோ கேசட் என்ற ஒன்று வீடுகளுக்கு வருவதை இருவருமே பார்க்கவில்லை.

உரிமை எத்தனை கூறாக உடைந்தது?

ஒரே பெட்டியில் எல்லாப் படமும் ஏன் இல்லை என்பதற்கு நேரடி பதில் இதுதான்.

ரோச் ஸ்டுடியோவின் பெரும்பாலான பேசும் படங்கள் பல கைகள் மாறின. அமெரிக்காவுக்குள் அந்த உரிமை ஹால்மார்க், ஆர்ஹெச்ஐ, சோனார் என்று போய்க்கொண்டே இருந்தது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உரிமை தனியாக ஐரோப்பிய நிறுவனங்களிடம் போனது. அதாவது ஒரே படத்துக்கு அட்லாண்டிக்கின் இந்தப் பக்கம் ஒரு முதலாளி, அந்தப் பக்கம் ஒரு முதலாளி.

அதோடு முடியவில்லை. ரோச் தயாரித்திருந்தாலும் 'தி டெவில்ஸ் பிரதர்' (1933), 'போனி ஸ்காட்லாந்து' (1935) இரண்டும் எம்ஜிஎம் பக்கம் தங்கிவிட்டன. அங்கிருந்து வார்னர் நிறுவனத்துக்கு வந்தன. அதனால்தான் அவற்றை வார்னர் 2006இல் தனி டிவிடியாக வெளியிட்டது. 1941 முதல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்காக நடித்த ஆறு படங்கள் ஃபாக்ஸிடம். அந்தக் காலத்திலேயே எம்ஜிஎம்முக்காக நடித்த 'ஏர் ரெய்ட் வார்டன்ஸ்', 'நத்திங் பட் ட்ரபிள்' இரண்டும் மறுபடி வார்னரிடம். 'பேப்ஸ் இன் டாய்லேண்ட்' (1934) தனிக் கதை. அது 'மார்ச் ஆஃப் தி வுடன் சோல்ஜர்ஸ்' என்ற வேறு பெயரில், வெட்டப்பட்ட வடிவில்தான் பல வருஷம் கடைகளில் சுற்றியது.

இதில் ஃபாக்ஸ் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே லாரலுக்கு எழுத்திலும் எடிட்டிங்கிலும் இருந்த பிடி போய்விட்டது. கொடுத்த வசனத்தைப் பேசிவிட்டு வந்தார்கள். 'ஜிட்டர்பக்ஸ்' (1943) ஓரளவு தேறும். மற்றதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

நெகட்டிவ் தேய்ந்தது எப்படி?

படம் ஓடவில்லை என்றால் ஃபிலிம் பெட்டியிலேயே கிடக்கும், பத்திரமாக இருக்கும். லாரல் – ஹார்டி படங்களுக்கு வந்த கேடு, அவை ஓடிக்கொண்டே இருந்ததுதான்.

அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. சீக்கிரம் தீப்பிடிக்கும். வைத்த இடத்திலேயே சுருங்கி, பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். அந்த மூல நெகட்டிவிலிருந்துதான் ஒவ்வொரு முறையும் பிரதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை பிரிண்டரில் ஓடும்போதும் கீறல் விழும், ஓரத்துத் துளை கிழியும். 1940களில் ஃபிலிம் கிளாசிக்ஸ் என்ற நிறுவனம் இந்தப் படங்களை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தபோது, எம்ஜிஎம் சிங்கம் வரும் பழைய டைட்டிலை நீக்கிவிட்டுத் தன் டைட்டிலை ஒட்டியது. பிறகு டிவிக்காக 16 எம்எம் பிரதிகள் போட்டார்கள். அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி.

ஜெராக்ஸ் எடுத்ததை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து எப்படி இருக்கும்? மொபைலில் நாம் பார்க்கும் பல வீடியோக்கள் அந்த நாலாவது, அஞ்சாவது ஜெராக்ஸ்தான். முகத்தில் இருக்கும் சுருக்கமே தெரியாது. வெள்ளைப் பகுதி எல்லாம் வெளுத்து, கறுப்பு எல்லாம் கரியாகிவிடும். ஹார்டியின் நகைச்சுவையே அவர் முகத்தில் நிகழும் சின்னச் சின்ன மாற்றத்தில் இருக்கிறது. அது தெரியாமல் போனால் மிச்சமிருப்பது ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவது மட்டும்தான். 'பழைய காமெடி, குழந்தைகளுக்கானது' என்று பலர் நினைப்பதற்கு இந்த மட்டமான பிரதிகளுக்கும் பங்கு உண்டு.

ஒலியிலும் சிக்கல் இருக்கு. இவர்களின் முதல் பேசும் படம் 'அனகஸ்டம்ட் அஸ் வீ ஆர்' (1929). அப்போது ஒலியை ஃபிலிமில் பதியாமல் தனி இசைத்தட்டில் பதிவு செய்யும் முறையும் இருந்தது. படம் ஒரு பக்கம் ஓட, தட்டு ஒரு பக்கம் சுழலும். தட்டு தொலைந்தால் பேசும் படம் ஊமைப் படமாகிவிடும். இந்தப் படத்துக்கு அதுதான் நடந்தது. 1970களில் தட்டுகள் கிடைத்த பிறகுதான் மறுபடி பேசியது.

'பிராட்ஸ்', 'பெர்ஃபெக்ட் டே' போன்ற ஆரம்பகாலப் பேசும் படங்களை 1930களின் நடுவில் மறுவெளியீடு செய்தபோது பின்னணி இசை சேர்த்தார்கள். அதனால் இவற்றுக்கு இசை இல்லாத மூல வடிவம், இசை சேர்த்த வடிவம் என்று இரண்டு உண்டு. இசை சேர்த்த வடிவம்தான் பரவலாகச் சுற்றியது. ரசிகர்கள் காதில் பதிந்ததும் அதுதான்.

வீட்டுக்குள் முதலில் வந்தது வீடியோ இல்லை

ஹோம் வீடியோ என்றதும் கேசட்தான் நினைவுக்கு வரும். ஆனால் லாரல் – ஹார்டி அதற்கு முன்பே வீடுகளுக்குள் வந்துவிட்டார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலம், டேவன்போர்ட் நகரில் இருந்த ப்ளாக்ஹாக் ஃபிலிம்ஸ் நிறுவனம் இவர்களின் படங்களை 8 எம்எம், 16 எம்எம் ஃபிலிம் சுருளாகவே தபாலில் விற்றது. வீட்டில் சின்ன ப்ரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் கேட்லாக் பார்த்து ஆர்டர் போடுவார்கள். சுருள் தபாலில் வரும். ஞாயிற்றுக்கிழமை சுவரில் திரை கட்டி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் போடுவார்கள்.

இது வெறும் பழங்கதை இல்லை. தரமான மூலத்திலிருந்து பிரதி எடுப்பதில் ப்ளாக்ஹாக் அக்கறை காட்டியது. அதனால் அவர்கள் சேமித்துவைத்த ஃபிலிம்கள் பிற்காலத்தில் மறுசீரமைப்புக்கு உதவின. இதே காலத்தில்தான் ரசிகர்களும் அமைப்பாகத் திரண்டார்கள். 1965இல் 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்' என்ற பெயரில் ரசிகர் சங்கம் உருவானது. பெயர், 1933இல் வந்த அவர்கள் படத்திலிருந்து எடுத்தது. கிளைகளுக்குப் பெயர் 'கூடாரம்'. படத்தில் இருவரும் மனைவிகளிடம் பொய் சொல்லிவிட்டு ஒரு சங்கத்தின் மாநாட்டுக்கு ஓடுவார்கள். அந்தச் சங்கத்தின் பெயரையே நிஜச் சங்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

1980களில் விஹெச்எஸ் கேசட் வந்தது. அப்போதுதான் கலர் அடிக்கும் ஆசையும் வந்தது. 'வே அவுட் வெஸ்ட்' (1937), 'தி மியூசிக் பாக்ஸ்' (1932) இரண்டுக்கும் கம்ப்யூட்டரில் கலர் சேர்த்தார்கள். எல்லார் முகமும் ஒரே பழுப்பு, சுவர் எல்லாம் ஒரே வெளிர்நீலம். புதுத் தலைமுறையைக் கவர்வதற்காகச் செய்தது என்று சொல்லலாம். ஆனால் கறுப்பு வெள்ளைக்காக ஒளியமைத்த படத்துக்கு மேலே கலரைப் பூசுவது, படத்துக்கு நல்லது இல்லை. இன்றும் ஆன்லைனில் அதிகம் பகிரப்படுவது இந்த கலர் பிரதிகளும், அதைவிட மோசமான புது ஏஐ கலர் பிரதிகளும்தான்.

டிவிடி காலம்: லண்டனில் இருக்கு, நியூயார்க்கில் இல்லை

டிவிடி வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் மௌனப் படங்களை 'தி லாஸ்ட் ஃபிலிம்ஸ் ஆஃப் லாரல் அண்ட் ஹார்டி' என்ற பெயரில் பல பாகங்களாக வெளியிட்டார்கள். 'தொலைந்த படங்கள்' என்பது விற்பனைக்காக வைத்த பெயர், அதில் பெரும்பாலானவை தொலையவே இல்லை. ஆனால் உலகம் முழுக்கத் தெரிந்த பேசும் படங்கள்? அமெரிக்கக் கடைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான்.

2004இல் பிரிட்டனில் யுனிவர்சல் நிறுவனம் 21 டிஸ்க் கொண்ட பெரிய பெட்டியை இறக்கியது. அமெரிக்கர்கள் எடுத்த படம், அமெரிக்காவில் கிடைக்காமல் பிரிட்டனில் கிடைத்தது. அமெரிக்க ரசிகர்கள் பலர் அந்தப் பெட்டியைக் கடல் கடந்து வரவழைத்து, அதற்காகவே மல்டி ரீஜன் ப்ளேயரும் வாங்கினார்கள்.

அந்த 21 டிஸ்க்கில் ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டும். பிரிட்டன் டிவிடி 'பால்' முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும். படம் எடுக்கப்பட்டது 24 ஃப்ரேமில். அதனால் படம் சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும், குரலும் கொஞ்சம் மேலே ஏறும். பலருக்கு வித்தியாசமே தெரியாது. தெரிந்தவர்களுக்கு அது மட்டும்தான் தெரியும்!

அமெரிக்க ரசிகர்களுக்கு 2011 அக்டோபரில்தான் விடிவு வந்தது. 'தி எசென்ஷியல் கலெக்‌ஷன்' என்ற பெயரில் 10 டிஸ்க். 1929 முதல் 1940 வரையிலான 58 பேசும் படங்கள் ஒரே பெட்டியில். வார்னரிடம் இருந்த இரண்டு படமும், 'பேப்ஸ் இன் டாய்லேண்ட்'டும் இதில் இல்லை. மௌனப் படங்களும் இல்லை.

ஆனால் வேறு ஒரு பொக்கிஷம் இதில் உண்டு. டப்பிங் வசதி சரியாக வராத 1930, 1931 காலகட்டத்தில், ஒரே படத்தை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி மொழிகளில் தனித்தனியாக இவர்களே நடித்து எடுத்தார்கள். மொழி தெரியாது. வசனத்தை உச்சரிப்பு மாதிரி எழுதி, கேமராவுக்கு அந்தப் பக்கம் கரும்பலகையில் வைத்து, அதைப் பார்த்துப் படிப்பார்கள். அவற்றில் சில ஸ்பானிஷ் படங்கள் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. இவர்கள் பேசிய தப்பான இத்தாலி உச்சரிப்பு இத்தாலிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய், பின்னாளில் டப்பிங் பேசியவர்களும் வேண்டுமென்றே ஆங்கிலேயர் போல மழலை இத்தாலி பேசினார்கள். ஹார்டிக்கு அப்படிக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் பெரிய நடிகரான ஆல்பர்ட்டோ சோர்டி.

கேக் சண்டையும் ஒரு ஃபிலிம் சுருளும்

1927 டிசம்பரில் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' என்ற இரண்டு ரீல் மௌனப் படம் வந்தது. முதல் ரீலில் குத்துச்சண்டை. இரண்டாவது ரீலில் தெருவே கிரீம் கேக்கை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொள்ளும். பேக்கரி வண்டி, பல் டாக்டர், தபால்காரர், ஃபோட்டோ ஸ்டுடியோவில் போஸ் கொடுப்பவர் என்று ஒருத்தர் பாக்கியில்லை. சுமார் 3,000 'பை' எறிந்தார்கள் என்பது ஹாலிவுட் வழக்கு. குத்துச்சண்டை பார்க்கும் கூட்டத்தில் பிற்காலத்தில் 'அபாட் – காஸ்டெல்லோ' ஜோடியாகப் புகழ்பெற்ற லூ காஸ்டெல்லோ எக்ஸ்ட்ராவாக உட்கார்ந்திருப்பார். ஒரு ஜோடியின் படத்தில் இன்னொரு ஜோடியின் ஆள்!

இந்தப் படம் பல பத்து ஆண்டுகள் முழுசாகக் கிடைக்கவில்லை. ராபர்ட் யங்சன் என்பவர் 1957இல் 'தி கோல்டன் ஏஜ் ஆஃப் காமெடி' என்ற தொகுப்புப் படம் எடுத்தபோது கேக் சண்டையிலிருந்து சில நிமிடங்களை மட்டும் வெட்டிச் சேர்த்தார். உலகம் பார்த்தது அந்தச் சில நிமிடங்களைத்தான். 2015இல் ஜான் மிர்சாலிஸ் என்ற சேகரிப்பாளர், தான் வாங்கியிருந்த பழைய ஃபிலிம் குவியலைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டாவது ரீல் முழுசாகக் கிடைத்தது. துண்டு துண்டாகப் பார்த்தபோது வெறும் கேக் எறிதல். முழுசாகப் பார்த்தால், ஒரே ஒரு வாழைப்பழத் தோலில் ஆரம்பிக்கும் சண்டை வீடு வீடாக, கடை கடையாக எப்படி நிதானமாக வளர்கிறது என்பது தெரிகிறது. நடுவில் ஒரு சின்னக் காட்சி இன்னும் இல்லை. அந்த இடத்தை ஸ்டில் படங்களால் நிரப்பியிருக்கிறார்கள்.

இந்தப் படம் வீட்டுக்கு வந்தது 2020இல், 'தி டெஃபினிட்டிவ் ரெஸ்டொரேஷன்ஸ்' என்ற நான்கு டிஸ்க் ப்ளூ-ரே பெட்டியில். யுசிஎல்ஏ ஃபிலிம் காப்பகத்திலும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலும் இருந்த 35 எம்எம் மூலங்களைத் தேடி எடுத்து, 2கே, 4கே தரத்தில் ஸ்கேன் செய்து தயாரித்தது. 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்', 'வே அவுட் வெஸ்ட்', 'தி மியூசிக் பாக்ஸ்', 'ஹெல்ப்மேட்ஸ்', 'பிஸி பாடீஸ்' எல்லாம் இதில் உண்டு.

மறுசீரமைப்பு என்றால் ஒரு பட்டனைத் தட்டி 'ஹெச்டி' ஆக்குவது இல்லை. ஒரே படத்துக்குக் கிடைக்கும் எல்லாப் பிரதிகளையும் சேர்த்துவைத்து, எந்த ஷாட் எதில் நன்றாக இருக்கிறதோ அதிலிருந்து எடுக்க வேண்டும். ஃபிலிம் கிளாசிக்ஸ் கழற்றிய பழைய டைட்டிலை வேறு எங்காவது தேட வேண்டும். கீறலைத் துடைக்கும்போது முகத்தின் இயல்பான துகள்தன்மையையும் சேர்த்துத் துடைத்து மெழுகுபொம்மை ஆக்கிவிடக் கூடாது. இதுக்கெல்லாம் பணம் வேணும். ரசிகர்களிடம் நன்கொடை திரட்டித்தான் யுசிஎல்ஏ இந்த வேலையைத் தொடங்கியது.

2023க்குப் பிறகு மௌனப் படங்கள் ஏன் வரிசையாக வருகின்றன?

அமெரிக்கச் சட்டப்படி, அந்தக் காலத்துப் படங்களுக்குக் காப்புரிமை அதிகபட்சம் 95 ஆண்டு. அந்த ஆண்டு முடிந்து அடுத்த ஜனவரி 1 அன்று படம் பொதுச்சொத்து ஆகிவிடும். 1927 படங்கள் 2023 ஜனவரியில் வந்தன. 1928 படங்கள் 2024இல். அதே வேகத்தில் ஃப்ளிக்கர் ஆலி நிறுவனம் 2023இல் 'இயர் ஒன்' என்று 1927 படங்களையும், அடுத்து 'இயர் டூ' என்று 1928 படங்களையும் மறுசீரமைத்து ப்ளூ-ரேயில் வெளியிட்டது. யார் அனுமதியும் கேட்க வேண்டியதில்லை என்பதால் வேலை வேகமாக நடக்கிறது.

இந்தக் கணக்குப்படி ஆஸ்கர் வென்ற 'தி மியூசிக் பாக்ஸ்' 2028 ஜனவரியில், 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்' 2029இல், 'வே அவுட் வெஸ்ட்' 2033இல் அமெரிக்காவில் பொதுச்சொத்து ஆகும்.

இந்தியாவில் திரைப்படத்துக்கான காப்புரிமைக் காலம் 60 ஆண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய படம் பொதுச்சொத்து ஆனாலும், அதற்குப் புதிதாகப் போட்ட பின்னணி இசைக்குத் தனி உரிமை உண்டு. 'பழைய படம்தானே' என்று புது ப்ளூ-ரேயை அப்படியே எடுத்து உங்கள் சேனலில் ஏற்றினால் ஸ்ட்ரைக் வரலாம்.

அப்போ எதை வாங்குவது?

முதல் முறை பார்ப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், 2020இல் வந்த நான்கு டிஸ்க் ப்ளூ-ரேதான். படங்களின் எண்ணிக்கை குறைவு, ஆனால் சிறந்தவை பல அதில் இருக்கின்றன. முதலில் 'தி மியூசிக் பாக்ஸ்' போடுங்கள். ஒரு பியானோவை உயரமான படிக்கட்டில் ஏற்ற வேண்டும், கதை அவ்வளவுதான். முக்கி முனகி மேலே ஏற்றியதும் தபால்காரர், 'பின்பக்கம் ரோடு இருக்கே, வண்டியிலேயே வந்திருக்கலாமே' என்பார். உடனே இருவரும் பியானோவைத் திரும்பக் கீழே இறக்கி, ரோடு வழியாகக் கொண்டுவருவார்கள்! பிடித்துவிட்டது, இன்னும் வேண்டும் என்றால் 2011இன் 10 டிஸ்க் டிவிடி. மௌனப் படத்தில் ஆர்வம் இருந்தால் 'இயர் ஒன்', 'இயர் டூ'. இந்த மூன்றும் இருந்தால் பிரிட்டனின் 21 டிஸ்க் பெட்டி அவசியமில்லை.

வாங்கக் கூடாதது எது? அட்டையில் பெரிதாக எண்ணிக்கை போட்டு, விலை மட்டும் சின்னதாக இருக்கும் செட்கள். அவற்றில் 'தி ஃப்ளையிங் டியூசஸ்' (1939), கடைசிப் படமான 'யுடோபியா' (1951) இரண்டும் நிச்சயம் இருக்கும். ஏனென்றால் அவை அமெரிக்காவில் எப்போதோ பொதுச்சொத்து ஆகிவிட்டன. மிச்சத்தை, இவர்கள் ஜோடி சேர்வதற்கு முன் தனித்தனியாக நடித்த படங்களைக் கொண்டு நிரப்பியிருப்பார்கள். 'ஃப்ளையிங் டியூசஸ்' நல்ல படம்தான். ஆனால் 'யுடோபியா'வை மட்டும் முதல் படமாகப் பார்த்துவிடாதீர்கள். படப்பிடிப்பின்போது லாரல் கடுமையாக நோய்வாய்ப்பட்டிருந்தார். அது முகத்தில் தெரியும், சிரிப்பு வராது.

இந்தியாவிலிருந்து ஆர்டர் போடுபவர்கள் ரீஜன் கோடு பார்க்க வேண்டும். டிவிடியில் அமெரிக்கா 1, பிரிட்டன் 2, இந்தியா 5. ப்ளூ-ரேயில் அமெரிக்கா 'ஏ', பிரிட்டன் 'பி', இந்தியா 'சி'. பெட்டியின் பின்பக்கம் 'ரீஜன் ஃப்ரீ' என்று இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் உங்கள் ப்ளேயர் மல்டி ரீஜனா என்று முதலில் பாருங்கள். சுங்க வரி, கூரியர் செலவு சேர்ந்தால் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கெல்லாம் வேண்டாம், மொபைல் போதும் என்பவர்கள் குறைந்தபட்சம் மூன்றைச் சரிபார்க்கலாம். படம் கறுப்பு வெள்ளையாக இருக்கணும். கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கணும், அகலத் திரைக்கு இழுத்திருக்கக் கூடாது. ஆரம்பத்தில் பழைய டைட்டில் வரணும்.

இன்னும் கிடைக்காத படங்களும் உண்டு. 'தி ரோக் சாங்' (1930) என்ற கலர் படத்தில் சில துண்டுகள்தான் மிச்சம். 1927இல் வந்த 'ஹேட்ஸ் ஆஃப்' முற்றிலும் காணோம். அந்தப் படத்தில் இருவரும் ஒரு வாஷிங் மெஷினை ஒரு படிக்கட்டில் ஏற்றுவார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் சில்வர் லேக் பகுதியில் இருக்கும் அதே படிக்கட்டில்தான் அஞ்சு வருஷம் கழித்து பியானோவை ஏற்றினார்கள். படிக்கட்டு இன்றும் இருக்கிறது, ரசிகர்கள் போய் ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். 'ஹேட்ஸ் ஆஃப்' படத்திலிருந்து கிடைத்திருப்பது ஸ்டில் படங்கள் மட்டும்தான்.